லோயர் ஆர்ம் புஷ்: பாதியில் நிற்கிறேன், கை கொடுங்க

வணக்கம் அண்ணன்மாரே. என் 2011 மாடல் வண்டியில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னால் இடதுபக்கம் 'டொக் டொக்'. ஜாக்கி போட்டுக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) பின்புற புஷ் (அதிர்வு தாங்க இரும்பு வளையத்துக்குள் ரப்பர் வைத்த உருளை) ரப்பர் கிழிந்து தொங்குகிறது.

மெக்கானிக் முழு ஆர்மையே மாற்றச் சொன்னார். பால் ஜாயின்ட் (ஆர்மின் சக்கரப் பக்க மூட்டு) நல்லா இருக்கும்போது எதுக்குன்னு வீம்பாக நானே கழற்றிவிட்டேன். பழைய ரப்பரைத் துளைபோட்டு நோண்டி, வெளி இரும்பு வளையத்தை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுக்கவே ஒரு ஞாயிறு போச்சு. (கைக் கொப்புளம் தனிக்கதை.)

இப்போ புதுசு உள்ளே போக மாட்டேங்குது. பெஞ்ச் வைஸில் பெரிய சாக்கெட் வைத்து அழுத்தினால் கோணலாகப் போகுது. சுத்தியலால் அடிக்க மனசு வரலை. நீளமான போல்ட், தடி வாஷர் போட்டு இழுத்தவங்க இருக்கீங்களா? ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் வளையம் சுருங்கி உதவுமா, இல்லை பேசாமல் லேத் பட்டறை பிரஸ்ஸுக்கே போயிடவா? புஷ் எந்தத் திசை பார்க்கணும்னு பெயின்ட் மார்க் வச்சிருக்கேன்.

இன்னொன்று. வண்டி எடை சக்கரத்தில் இறங்கின பிறகுதான் ஆர்ம் போல்டை முழுசா இறுக்கணும், தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்னு தெரியும். ஆனா கீழே இறக்கினா ஸ்பேனர் போக இடமில்லை. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?