கோவை, கரூர் நாணயக் கடைகள்: விவரம் வேணுங்க

வணக்கமுங்க. அடுத்த வாரம் மூணு நாள் கோவை, ஒரு நாள் கரூர். பழைய நாணயக் கடைகள் எந்த வீதியில் இருக்குங்க? ஞாயிறு திறப்பாங்களா?

தேடுவது விக்டோரியா வெள்ளி ரூபாய்: 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. 0.01 கிராம் வரை காட்டும் தராசு கொண்டு வர்றேன், கடையில் எடை போட விடுவாங்களா? வார்ப்புப் போலிகளில் எடை பிசகும், விளிம்பில் ஒட்டுக்கோடு தெரியும். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதை விக்டோரியா ரூபாய் விலைக்குச் சொன்னால் கட்டாது. புளி போட்டுத் தேய்த்த காசு வேண்டவே வேண்டாங்க, இயற்கையான மேற்படிவு போனால் மதிப்பே போச்சு.

கரூரில் அமராவதி ஆற்றில் கிடைத்த காசு, வில் அம்பு பொறித்த சேரர் செம்புக் காசு என்று காட்டினால்தான் சிக்கல். பச்சைக் களிம்பு நகம் பட்டதும் உரிந்தால் பூசியது. அதைத் தாண்டி எதைப் பார்க்கணும்? விவரம் தெரிந்தவங்க சொல்லுங்க.