ஐபிஃபயர் கோர் அப்டேட்: இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

வடக்குவாசல்

நம் அலுவலக வலைகளைக் காக்கும் ஐபிஃபயர் ஃபயர்வாலின் அப்டேட்கள் பற்றிய இழை இது; நானே தொடங்குகிறேன். 2019, கோர் அப்டேட் 132. இன்டெல் செயலிகளில் எம்டிஎஸ் ஓட்டைகள் (செயலிக்குள்ளிருந்தே தரவு கசியும் குறைகள்) மே மாதம் வெளியாகி எல்லோரும் அலறிக்கொண்டிருந்த நேரம். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஊழியர்கள் கிளம்பிய பிறகு பேக்ஃபயரில் (ஐபிஃபயரின் அப்டேட் நிர்வாகி) அப்டேட்டைப் போட்டு மறுதொடக்கம் செய்தேன். இணையம் வந்தது, விபிஎன் வந்தது. செயலி வரைபடத்தைத் திறந்தால் நான்கு இருந்த இடத்தில் இரண்டுதான் தெரிந்தது. பின்னால் நின்றிருந்த உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டார். "மீதி இரண்டு எங்கே தம்பி?" என்றார்.

பாதிப்புள்ள செயலிகளில் எஸ்எம்டி, அதாவது ஒரே கருவை இரண்டாகக் காட்டும் வசதி, அணைக்கப்படும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே இருந்தது. ஒரே கருவில் இரண்டு இழைகள் ஓடும்போது ஒன்று கையாளும் தரவை மற்றொன்று திருட்டுத்தனமாகப் படிக்க முடியும் என்பதுதான் காரணம். அவருக்கு அதைச் சொன்னேன். "நான் பணம் கொடுத்து வாங்கியதை, எங்கோ ஜெர்மனியில் இருப்பவர்கள் எப்படி அணைக்கலாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வன்பொருள் பாதிப்புகள் பக்கத்தில் அதைத் திரும்ப இயக்கும் வசதியும் இருந்தது. அதைக் காட்டி, முடிவை அவரிடமே விட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "கணக்கு விவரங்கள் எல்லாம் ஊரார் சொத்து. இருக்கட்டும், அப்படியே விடு" என்றார்.

வடிகட்டி

வடக்குவாசல், எஸ்எம்டியை அணைத்த அந்த முடிவு தேவையில்லாதது என்பதே என் கருத்து. எம்டிஎஸ் தாக்குதலுக்குத் தாக்குபவரின் நிரல் அதே இயந்திரத்தில் ஓட வேண்டும். ஃபயர்வாலில் யார் போய் உலாவி திறக்கிறார்கள்? அதற்காகப் பாதி இழைகளை இழக்க வேண்டுமா?

என் சம்பவம் அதற்கு முந்தைய 131. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளான ஸ்நார்ட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் சுரிகாட்டாவைக் கொண்டுவந்த அப்டேட். ஸ்நார்ட் எச்சரிக்கை எழுதும், அவ்வளவுதான். தடுக்க வேண்டுமென்றால் கார்டியன் என்ற துணைநிரல் தனியாக வேண்டும். சுரிகாட்டா அப்படியல்ல, பாதையிலேயே உட்கார்ந்து பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். ஒரு பள்ளியில் மதிப்பெண் பதிவேற்றும் ஆசிரியை ஒருவர், ஒவ்வொரு முறையும் கோப்பு பாதியில் நிற்பதைப் பார்த்து, தனக்குத்தான் கணினி வரவில்லை என்று நினைத்துவிட்டார். நான் போனபோது கண் கலங்கிய நிலையில் இருந்தார். ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு) லாக்கைத் திறந்ததும் ஒரே விதி வரிசையாகப் பதிவாகியிருந்தது. அந்த ஒரு விதியை அணைத்ததும் கோப்பு போய்விட்டது. "அப்படியென்றால் நான் தப்பு செய்யவில்லையா சார்?" என்று அவர் கேட்ட குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

புதிதாக சுரிகாட்டா போடுபவர்கள் முதலில் கண்காணிப்பு மட்டும் என்ற நிலையில் ஓடவிடுங்கள். எந்தெந்த விதிகள் தினசரி வேலையில் இடிக்கின்றன என்று லாக்கில் தெரிந்த பிறகு தடுக்கச் சொல்லுங்கள். விதித் தொகுப்பு முழுவதையும் டிக் செய்யாதீர்கள். உங்களிடம் மெயில் சர்வரே இல்லாதபோது அதற்கான விதிகள் எதற்கு? நினைவகம்தான் வீணாகும். பச்சை (உள்வலை), சிவப்பு (இணையப் பக்கம்) இரண்டிலும் இயக்குவதா, ஒன்றில் போதுமா என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

எல்லைக்கோடு

நாடுவாரித் தடுப்பு பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. எந்த ஐபி முகவரி எந்த நாடு என்ற தரவைத் தரும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம் 2019 டிசம்பர் 30 முதல், தனியுரிமைச் சட்டங்களைக் காரணம் காட்டி, இலவசத் தரவையும் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது நினைவிருக்கும். அதன் பிறகு எங்கள் பெட்டியில் இருந்த தரவு பழையதாகவே நின்றுவிட்டது.

எங்கள் வாடிக்கையாளரின் பொறியாளர் நார்வேயிலிருந்து விபிஎன் வழியாக வர வேண்டும். வர முடியவில்லை. அலைபேசியில் அவர் தன் ஐபி முகவரியை எண் எண்ணாகச் சொல்லச் சொல்ல, என் லாக்கில் அதே முகவரி வேறொரு நாட்டின் பெயரில் தடுக்கப்பட்டு வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. ஐபிவி4 முகவரித் தொகுதிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. தரவு பழையதானால் மனிதர்கள் நாடு மாறிவிடுகிறார்கள். "நான் நார்வேயில்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், ஏதோ அதை நான் நம்பவில்லை என்பதுபோல.

ஐபிஃபயர் குழு தானே ஒரு இருப்பிடத் தரவுத்தளத்தை உருவாக்கப்போவதாக எழுதியபோது இதனால்தான் அவ்வளவு மகிழ்ந்தேன். ஐபி முகவரிகளை ஒதுக்கும் பிராந்தியப் பதிவகங்களின் தரவிலிருந்து கட்டுகிறார்கள், கையொப்பமிட்டு அனுப்புகிறார்கள், புதிய பதிப்பு வந்துவிட்டதா என்பதை டிஎன்எஸ் வழியாகவே பெட்டி கேட்டுக்கொள்கிறது. ஒரு தொகுதி தவறான நாட்டில் இருந்தால் திருத்தக் கோப்பில் சேர்க்கிறார்கள், அந்தத் திருத்தம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஒரு சிறிய குழு இந்தப் பாரத்தைத் தூக்கியது சாதாரண விஷயமல்ல.

இரவுப்பணி

வடிகட்டி அண்ணா, ஃபயர்வாலில் அந்நிய நிரல் ஓடாது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். ஐபிஃபயரை மெய்நிகர் இயந்திரமாக ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ப்ராக்ஸி, சுரிகாட்டா எல்லாம் வெளியிலிருந்து வரும் தரவைத்தான் பிரித்துப் படிக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஓட்டை விழுந்தால் அடுத்த அடி அங்கிருந்துதான். பாதுகாப்பான நிலையை இயல்பாக வைத்து, வேண்டாமென்பவருக்கு பொத்தானைக் கொடுத்தது சரியான வரிசை.

என் சம்பவம் சின்னது. சோதனைக் கிளையில் ஒரு அப்டேட்டைப் போட்டபோது நீல வலையில் (வைஃபை) இருந்தவர்களுக்கு டிஎச்சிபி முகவரி, அதாவது தானாகக் கிடைக்க வேண்டிய ஐபி முகவரி, கிடைக்கவில்லை. பிழைகளைப் பதியும் பக்ஸில்லாவில் எழுதினேன். முகம் தெரியாத ஒருவர் இன்னொரு லாக் கேட்டார், கொடுத்தேன், திருத்தம் வந்தது. அந்த அப்டேட் எல்லோருக்கும் வெளியானபோது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்படி ஒரு சிக்கல் இருந்ததே யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு அறிவிப்பிலும் சோதிக்க ஆள் வேண்டும் என்று கேட்கிறார்களே, தயவுசெய்து ஒரு பழைய கணினியை ஒதுக்குங்கள்.

பழைய பெட்டி

32 பிட் வன்பொருளுக்கு இனி அப்டேட் வராது என்ற அறிவிப்பைப் படித்த நாள்தான் எனக்கு. என்னிடம் இருந்தது ஜியோட் செயலி போட்ட ஒரு சிறிய ஆலிக்ஸ் பலகை. மின்விசிறி கிடையாது, சத்தம் கிடையாது. அப்பாவின் மருந்துக்கடையில் அவர் காலமான பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பயனர்கள் குறைந்துவிட்டார்கள், இரண்டு கட்டமைப்புக்கும் தொகுத்துச் சோதிக்கும் உழைப்பு அதிகம் என்று காரணம் சொல்லியிருந்தார்கள். மறுக்க எதுவும் இல்லை. ஆனாலும் கடைசி அப்டேட்டைப் போடும் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

தொலைமுனை

பழைய பெட்டி நண்பரே, அந்தப் பலகையை இணையத்தை நோக்கி மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வேறு மாவட்டத்தில் இருந்த ஒரு கிளை அலுவலகத்துக்கு இங்கிருந்தே அப்டேட் போட்டேன். மறுதொடக்கத்துக்குப் பின் சிவப்பு, அதாவது இணைய இணைப்பு, எழவில்லை. அங்கிருந்த காவலாளி அலைபேசி வெளிச்சத்தில் கேபிள்களைப் பார்த்து நிறம் நிறமாகச் சொன்னார். மோடத்தை அணைத்துப் போட்டதும் சரியாயிற்று.

இதைப் படிக்கும் எல்லோருக்கும்: தொலைவில் இருக்கும் பெட்டிக்கு சீரியல் கன்சோல் (வலை இல்லாமலும் பெட்டியை இயக்கும் நேரடி இணைப்பு) ஏற்பாடு இல்லாமல் அப்டேட் போடாதீர்கள். போடுவதற்கு முன் பேக்கப் எடுத்து, அந்த ஐபிஎஃப் பேக்கப் கோப்பை உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். பெட்டியிலேயே விட்டால் வட்டு போகும்போது அதுவும் போய்விடும். அப்படியே ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டுப் பிம்பம்) கோப்பாக எடுக்கும் வசதியும் உண்டு, அது இன்னும் நல்லது. பல அப்டேட்களைத் தவறவிட்டிருந்தால் வரிசையாக ஏற்றுவதைவிடப் புதிதாக நிறுவி பேக்கப்பை மீட்பது எளிது. வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம். வெளியீட்டுக் குறிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள், குறிப்பாக உங்களிடம் இருக்கும் துணைநிரல்களின் பெயர் வருகிறதா என்று. மறுதொடக்கம் கேட்டால் உடனே செய்யுங்கள். புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இயங்காமல் வட்டில் சும்மா கிடந்தால் பயனில்லை.

வடக்குவாசல்

தொலைமுனை, வெள்ளிக்கிழமை பற்றி மட்டும் உடன்பட மாட்டேன். என் வாடிக்கையாளர்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறை; ஏதாவது ஆனால் சரிசெய்ய எனக்குக் கிடைக்கும் நேரமே அதுதான். கன்சோல் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. இரவுப்பணி, சோதனைக் கிளைக்கு என்னிடம் ஒரு பழைய ஐ3 இருக்கிறது. இந்த வாரமே போடுகிறேன்.