முதல் கடல்நீர்த் தொட்டி: 2 அடியா, 3 அடியா?

நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு, பவளத் தொட்டி இதுதான் முதல் தடவை. ஒரு ஜோடி குளோன்ஃபிஷ், கொஞ்சம் ஜோவாந்தஸ், மஷ்ரூம் போன்ற மென்மையான பவள வகைகள், அவ்வளவுதான் ஆசை. (கல் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் வருவதால் அந்தப் பக்கமே போகவில்லை.)

2x1x1 அடி என்றால் 57 லிட்டர்தான் பிடிக்கும். சென்னை வெயிலில் தண்ணீர் வற்றி, ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025ஐத் தாண்டி மளமளவென ஏறிவிடுமோ என்று பயம். 3x1.5x1.5 என்றால் 190 லிட்டர், ஏற்ற இறக்கம் மெதுவாக இருக்கும். ஆனால் உப்பு, ஆர்ஓ தண்ணீர், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) எல்லாச் செலவும் கூடும். கல், ஸ்டாண்டு சேர்த்தால் எடை கால் டன்னைத் தாண்டும். வீடோ மூன்றாவது மாடி.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சில்லர் இல்லாமல் ஃபேன் மட்டும் வைத்து மே மாதத்தை ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை லிட்டர், சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) உண்டா என்பதையும் சொல்லுங்கள்.