‘வைட் அவுட்’: வெண்மயக்கம் எனலாமா?

> ‘வைட் அவுட்’டுக்குப் ‘பனிமூட்டம்’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, போதாது. மார்கழிப் புல்நுனித் துளியும் பனி, விடியற்காலை மூட்டமும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளிவிட்டோம். ஊட்டிச் சாலையில் மூட்டம் வந்தாலும் காலடித் தார் கறுப்பாகத் தெரியும். நான் சொல்லும் ‘வைட் அவுட்’டில், அதாவது பனிமலையில் நிலமும் வானும் ஒரே வெண்மையாகத் தெரியும் நிலையில், காலடியே தெரியாது.

இதற்கு மூட்டம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மேலே மேகம், கீழே புதுப்பனி. ஒளி இரண்டுக்கும் நடுவே பட்டுப்பட்டுத் திரும்பி எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் வருகிறது. நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் கண்ணுக்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்க்டிகாவின் எரபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் இறந்ததற்கு, மாறிப்போன வழித்தடத்தோடு இதுவும் காரணமாகச் சொல்லப்பட்டது. மேகத்துக்குக் கீழே, தெளிந்த காற்றில்தான் பறந்தார்கள். எதிரே நின்ற வெண்சரிவு சமவெளிபோலத் தெரிந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் (1,345 மீட்டர்) உச்சியில் ஒரு பிப்ரவரியில் நானே இதில் நின்றிருக்கிறேன். இறங்கும் வழி மலையேறிகளுக்கு மனப்பாடம்: உச்சித் தூணிலிருந்து வரைபடக் கோணம் (வரைபடத்தின் வடக்கிலிருந்து அளக்கும் திசை) 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகை. வலப்பக்கம் விலகினால் வடமுகப் பாறை. இடப்பக்கம் விலகினால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்னும் பள்ளம். எங்கள் வழிகாட்டி காலடிகளை எண்ணிக்கொண்டே, ஒரு பனி உருண்டையைப் பிடித்து முன்னால் எறிந்தார். அது விழுந்து நின்றது, நடந்தோம். அடுத்ததும் நின்றது. மூன்றாவது விழுந்த இடமே தெரியவில்லை. அப்படியே நின்று, கோணத்தை மறுபடி பார்த்தோம். எனக்கு முன்னால் நின்றவரின் சிவப்புச் சட்டை மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே ‘வெண்குருடு’ வேண்டாம். கண்ணில் குறையில்லை, சட்டையின் தையல்கூடத் தெரிந்தது. தவிர, புற ஊதாக் கதிரால் கண் வெந்துபோகும் நோய்க்குப் ‘பனிக்குருடு’ என்ற சொல் தேவைப்படும். இரண்டையும் குழப்பினால் மலையில் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள்.

நான் முன்வைப்பது ‘வெண்மயக்கம்’. மயங்குதல் என்றால் எல்லை அழிந்து ஒன்றோடொன்று கலத்தல். இலக்கணத்தில் திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் என்று படித்திருக்கிறோம். ஒளி மயங்கும் பொழுதை மாலை மயங்கும் நேரம் என்கிறோம். இங்கே மயங்குவன நிலமும் வானும். தலைசுற்றி விழுவது என்று சிலர் எண்ணக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதில் நிற்பவருக்குத் தலையும் கொஞ்சம் சுற்றத்தான் செய்கிறது, அதனால் அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ‘வெண்மருள்’ என்பதும் அழகுதான். ஆனால் ‘வெண்மருளில் சிக்கினால் நகராதீர்கள்’ என்று எச்சரிக்கைப் பலகையில் எழுதினால் பேயோட்டும் அறிவிப்புப்போல இருக்கும்.

கையோடு இன்னொன்று. பாறை விளிம்பைத் தாண்டி, அடியில் ஏதுமின்றிக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் பனிக்கு, ‘கார்னிஸ்’ என்பதற்கு, ‘பனியிறவாரம்’. இறவாரம் என்பது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.