ஹெல்மெட் வாடை: யார் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மருந்துப்பை, சென்னை:

மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை. ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே நாள் போய்விடும். அக்னி நட்சத்திர நாட்களில் மதியத்துக்குள் கன்னத்துப் பேடை (ஹெல்மெட்டுக்குள் கன்னத்தை ஒட்டியிருக்கும் பஞ்சு மெத்தை) பிழிந்தால் சொட்டும். அந்தத் தலையோடு டாக்டர் எதிரில் போய் உட்கார வேண்டும்.

ஸ்ப்ரே, சென்ட் வகையறாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. மல்லிகை வாசனையும் வேர்வை நாற்றமும் கலந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும், அது இரண்டையும்விட மோசம். வேர்வைக்குத் தனியாகப் பெரிய வாடை கிடையாது. ஈரத்தில் பெருகுகிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. நம் ஆட்களுக்குக் கூடவே தேங்காய் எண்ணெயும் உண்டு. பஞ்சில் இறங்கிய எண்ணெய் நாளடைவில் காறிப்போகும். வெறும் தண்ணீரில் அலசினால் உப்பு போகும், எண்ணெய் போகாது. கழுவியும் வாடை போகவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

பேடைக் கழற்றும்போது துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் பட்டனுக்குப் பக்கத்தில் விரலை நுழைத்து நெம்பினால் டப்பென்று வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பேபி ஷாம்பு போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி இறங்கும். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். நுரை வருவது அடியோடு நிற்கும்வரை அலசுவது முக்கியம். மிச்சமிருக்கும் ஷாம்பு வேர்வையோடு கலந்தால் நெற்றி அரிக்கும்.

அப்புறம் காயவைப்பது. கழுவுவதைவிட இதுதான் பெரிய வேலை. மேல்துணி காய்ந்திருக்கும், உள்ளே பஞ்சு ஈரமாகவே இருக்கும். அதை அப்படியே மாட்டினால் மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி. நான் பேடை நன்றாக அழுத்தி, கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். துளி ஜில்லென்று இருந்தாலும் மறுபடி ஃபேனுக்கு அடியில் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வாட்டர் வாஷ் கடையில் வேலை செய்யும் பையன், எண்ணெய்க் கறை போகட்டும் என்று பெட்ரோல் துணியால் ஒருவருடைய ஹெல்மெட்டின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதற்குள், ஓட்டுக்கும் உள்துணிக்கும் நடுவில் இருக்கும் தெர்மோகோல் கரைந்து கட்டைவிரல் அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. கீழே விழும்போது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மோகோல்தான். அது போனால் மிச்சம் வெறும் ஓடு. தின்னரும் இதே வேலையைச் செய்யும். வெளிப்பக்கம் பாலிகார்பனேட் ஓடாக இருந்தால், பெட்ரோல் பட்டால் கண்ணுக்குத் தெரியாமலே வலுவிழக்கும்.

ஈரத்தலை, நாகர்கோவில்:

நல்ல பதிவு அண்ணா. ஆனால் என்னுடையது மலிவு ஹெல்மெட், உள்துணியை ஒட்டியே தந்திருக்கிறார்கள், கழற்ற வராது. ஷாம்பு நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடுத்துத் தேய்ப்பேன். பிறகு ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்து, காய்ந்த துண்டை உள்ளே திணித்து ஈரத்தை ஒற்றி எடுத்து, வாய்ப்பக்கம் டேபிள் ஃபேனைப் பார்க்கும்படி ராத்திரி முழுக்க வைத்துவிடுவேன். ஹேர் டிரையர் வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டுப் பசையும் விடும், தெர்மோகோலும் சுருங்கும்.

எங்களுக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. நனைந்த ரெயின்கோட்டையும் ஹெல்மெட்டையும் ஒரே டிக்கிக்குள் போட்டுப் பூட்டுபவர்களை ஆபீஸில் தினம் பார்க்கிறேன். சாயங்காலம் திறந்தால் குப்பென்று அடிக்கும். இரண்டு நாள் விட்டால் பூசணம். நான் ரெயின்கோட்டை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஹெல்மெட்டை மேஜைக்கே எடுத்துப்போகிறேன். மேனேஜர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

தலைக்குக் குளித்த அன்று முடி காயாது, பஸ்ஸும் இல்லை, வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்பாவின் பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். தலையில் கட்டி அதன் மேல் ஹெல்மெட். கட்டும்போது முடிச்சு பின்னால் வராமல் தட்டையாக மடித்துச் செருகுங்கள், இல்லையென்றால் குத்தும், ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. துணி தினமும் துவைக்கப் போய்விடும், எண்ணெயும் அதோடு போய்விடும். 

பின்சீட், சென்னை:

பைக் டாக்ஸி ஓட்டுகிறேன். என் ஹெல்மெட்டைவிடப் பின்னால் உட்காருகிறவருக்குக் கொடுக்கிற ஹெல்மெட்தான் தலைவலி. ஒருவர் எண்ணெய், அடுத்தவர் ஜெல், இன்னொருவர் அன்றைக்குத்தான் அடித்த ஹேர் டை. வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காதவர் குறைவு. ஒரு அம்மா எதுவும் சொல்லவில்லை, முந்தானையை நாலாக மடித்து உள்ளே விரித்து, அதற்கு மேல் மாட்டிக்கொண்டு ஏறினார். அதிலிருந்து ஹோட்டல் சமையல்காரர்கள் போடுகிற மெல்லிய தொப்பிப் பாக்கெட் ஒன்று வண்டியிலேயே இருக்கிறது. ஆளுக்கு ஒன்று நீட்டுகிறேன். சிலர் சிரித்துவிட்டு வேண்டாம் என்பார்கள், பெண்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

எழுபது வளைவு, நாமக்கல்:

ஜாக்கெட் பற்றி யாரும் சொல்லவில்லையே. கொல்லிமலை ஏறி இறங்கினால், காற்றுப் புகும் வலைத்துணியில் தைத்த மெஷ் ஜாக்கெட்டே கவிச்சி அடிக்கும். துவைக்கும் முன் தோள், முழங்கை, முதுகில் அடி தாங்குவதற்காக இருக்கிற கார்டு எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும். வெல்க்ரோவை ஒட்டி, ஜிப்பை மூடிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் வெல்க்ரோ மெஷ்ஷைப் பிராண்டிவிடும். வாசனைக்காக கம்ஃபர்ட் மாதிரி எதுவும் சேர்க்காதீர்கள். மழைத் தடுப்பு உள்ள ஜாக்கெட்டாக இருந்தால் அதன் காற்றுப் போக்கு அடைபடும். தோல் கிளவுஸை வெயிலில் காயப்போட்டால் அப்பளம்தான். பூட்ஸுக்குள் பழைய பேப்பர், ஈரமானதும் மாற்று. அவ்வளவுதான்.

மருந்துப்பை, சென்னை:

@ஈரத்தலை, வேட்டித் துணி நல்ல யோசனை. கேட்க மறந்தது, துணி கட்டிய பிறகு தாடைப் பட்டையை இன்னொரு தடவை சரிபார்க்கிறீர்களா? வழுவழுத் துணியாக இருந்தால் ஹெல்மெட் தலையில் சுழலும். பருத்தி என்றால் பரவாயில்லை.

தனிச்செய்தியில் வைசர் (ஹெல்மெட்டின் முகக் கண்ணாடி) பற்றிக் கேட்டவருக்கு: கண்ணாடி துடைக்கிற அமோனியா திரவம் வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். பூச்சி ஒட்டியிருந்தால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வையுங்கள், ஊறித் தானாக வரும். சுரண்டாதீர்கள்.