யூவி விளக்கு பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எங்கள் சின்ன பல் கிளினிக்கில் கிருமிகளைக் கொல்ல 36 வாட் யூவி-சி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கு மாட்டியிருக்கிறோம், அலைநீளம் 254 நானோமீட்டர். போன வாரம் உதவியாளர் அது எரிவதைக் கவனிக்காமல் அறையைப் பெருக்கிவிட்டார். மங்கலான நீல வெளிச்சம்தானே என்று நினைத்தாராம், பாவம். ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரிச்சல். இப்போது சரியாகிவிட்டது.

சுவிட்சைக் கதவுக்கு வெளியே மாற்றிவிட்டோம். சாதாரணக் கண்ணாடியே இந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதனால் ஜன்னல் பற்றிக் கவலையில்லை. கதவைத் திறந்ததும் தானாக அணையும் சென்சார் யாராவது பொருத்தியிருக்கிறீர்களா? எவ்வளவு ஆனது?

அப்புறம், நிழல் விழும் இடத்தில் கதிர் படாதே. நாற்காலிக்கு அடியில் என்ன செய்கிறீர்கள்? கிருமிநாசினி போட்டுத் துடைப்பதை நாங்கள் விடவில்லை. ரெக்சின் வேறு வெளுக்கிறது, மூடிவைத்தால் அந்த இடத்துக்குக் கதிர் போகாது!