பேருந்தின் வேகம் 3.4 கி.மீ. என்று வருகிறது, எங்கே தவறு?

கேள்வி: பஸ் டிரைவர்

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. நேற்றைய வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு:

ஒரு பேருந்து 120 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 20 கி.மீ. கூடியிருந்தால் 30 நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். வேகம் என்ன?

நோட்டில் எக்ஸ் என்று இருப்பதை இங்கே 'வே' என்று எழுதுகிறேன். அவள் போட்டது:

120/வே − 120/(வே + 20) = 30
வே² + 20வே − 80 = 0

பெருக்கினால் −80, கூட்டினால் 20 வருகிற இரண்டு எண்களைத் தேடித் தேடி இரவு பத்தரை ஆகிவிட்டது. அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே நைந்துபோய்விட்டது. கடைசியில் சூத்திரத்தில் போட்டாள், ஏறக்குறைய 3.4 வந்தது. நான் 16 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஆள் நடப்பதைவிட மெதுவாக எந்த பஸ்ஸும் 120 கி.மீ. போகாது. விடை தப்பு என்று தெரிகிறது, எந்த வரியில் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை அழுதுகொண்டே தூங்கினாள்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்காசிரியை

தம்பி, பாப்பா முக்கால்வாசி சரியாகவே போட்டிருக்கிறாள், முதலில் அதை அவளிடம் சொல்லுங்கள். அதிக நேரத்திலிருந்து குறைந்த நேரத்தைக் கழித்திருக்கிறாள், பல பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

தவறு அந்த 30-இல் இருக்கிறது. வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்பதால் இடப்பக்கம் வருவது மணி. வலப்பக்கம் நிமிடம் நிற்கிறது. 30 நிமிடம் என்பது 1/2 மணி.

120/வே − 120/(வே + 20) = 1/2
(120 × 20) / வே(வே + 20) = 1/2
வே(வே + 20) = 4800
வே² + 20வே − 4800 = 0
(வே + 80)(வே − 60) = 0

வேகம் குறை எண்ணாக இருக்காது, ஆகவே 60. சரிபார்க்க: 60-இல் போனால் 2 மணி, 80-இல் போனால் ஒன்றரை மணி. அரை மணி வித்தியாசம், சரி.

இனி சமன்பாடு எழுதும் முன் ஒரு சின்னக் கட்டம் போடச் சொல்லுங்கள். வழக்கமான ஓட்டத்துக்கு ஒரு வரிசை, வேகம் கூடியதற்கு ஒரு வரிசை, அவற்றில் தூரம், வேகம், நேரம். 'நேரம்' என்ற தலைப்புக்குக் கீழே 'மணியில்' என்று எழுதிவிட்டால் 30 அங்கே நுழையாது. பொதுத்தேர்வில் இந்த வகை 5 மதிப்பெண் வினாவாக வரும், படிக்குப் படி மதிப்பெண் உண்டு. அதனால் −80-ஐயும் எழுதி, ஏன் விடுகிறோம் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

பதில்: கல்லூரி மாணவன்

அண்ணா, 80, 60 என்ற ஜோடி உடனே தோன்றாவிட்டால் ஒரு வழி. 20-இல் பாதி 10, அதன் வர்க்கம் 100. இருபக்கமும் 100 கூட்டினால் (வே + 10)² = 4900. 4900 என்பது 70-இன் வர்க்கம். அப்படியானால் வே + 10 என்பது 70 அல்லது −70, வே 60 அல்லது −80. பாடத்தில் இருக்கும் வர்க்கப் பூர்த்தி முறைதான் இது. நான் பத்தாவதில் இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் காரணி தேடும் பயம் போனது. காரணி முறையில் தீர்க்க என்று வினாவிலேயே கேட்டிருந்தால் மட்டும் அந்த முறையில்தான் எழுத வேண்டும்.

பதில்: பஸ் டிரைவர்

டீச்சர், தம்பி, இருவருக்கும் ரொம்ப நன்றி. காலையில் டூட்டிக்குக் கிளம்புமுன் காட்டினேன். "மணியில" என்று அவளே சத்தமாகச் சொல்லி 30-ஐ அடித்துவிட்டு 1/2 என்று எழுதினாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அடுத்த கணக்கு, ஆற்றில் படகு போகும் கணக்கு. எதிர்நீச்சலுக்கு ஒரு வரிசை, நீரோட்டத்தோடு போவதற்கு ஒரு வரிசை என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாள். இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.